கிள்ளான் பள்ளத்தாக்கின் பிரேக் வைத்தியம்

1886-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரையில் முதல் புகைவண்டி ஓடத் தொடங்கியபோது, அதற்கப்பால் கிள்ளான் ஆற்றைக் கடக்கப் பாலம் இல்லாமையால், பிரயாணிகளும் ஈயப் பாளங்களும் கரையிலேயே இறங்கிப் படகேற வேண்டியிருந்தது. நான்காண்டு கழித்து, 1890-ல் பாலம் அமைந்து வண்டி கிள்ளானுக்குள் நுழைந்தது. 1901-ல் தண்டவாளத்தின் முடிவில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இந்தப் பதினைந்து வருஷத்துச் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் வண்டிகள் ஓடிய வேகத்தையே வியப்பது வழக்கம். ஆனால் பாரமேறிய வண்டியை ஓட்டுவதைக் காட்டிலும் குறித்த இடத்தில் நிறுத்துவதே கடினம் என்பதைத் தண்டவாளத்தோரத்துப் பட்டறைகளில் எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு நின்றவர்கள் நன்கு அறிவார்கள். அந்த நிறுத்தும் கலையின் ஒரு சிறு கிளை, அதாவது பழைய மோட்டார் சைக்கிளின் பிரேக் கிறீச்சிடும்போது அதன் காரணத்தைக் கண்டறிந்து மாற்றுகிற தொழில், இந்தப் பள்ளத்தாக்கில் எவ்வாறு வந்தது, எவ்வாறு வளர்ந்தது, எவ்வாறு தேய்ந்து வருகிறது என்பதே இங்கே விஷயம்.

பிரிக்பீல்ட்ஸ் பேட்டை சூளையில் பிறந்தது. 1881-ல் முதலில் தீயும் ஆண்டிறுதியில் வெள்ளமும் கோலாலம்பூரின் மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் ஆன வீடுகளை அழித்துவிட்டன. மறு வருஷம் சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் நகரத்தைச் செங்கல்லாலும் ஓட்டாலும் திருப்பிக் கட்டுவிக்கத் தொடங்க, பின்னாளில் சீனக் கப்பித்தானாக விளங்கிய யாப் குவான் செங் போன்றோரின் சூளைகள் இவ்விடத்தில் எழுந்தன. சூளைகளுக்குப் பின்னர் ரயில்வே வந்தது. ரயில்வேயோடு யாழ்ப்பாணத்திலிருந்து கணக்கரும் நிலைய அதிகாரிகளும், தமிழ்நாட்டிலிருந்து பாதை போடுகிறவர்களும் பட்டறைத் தொழிலாளரும் வந்து, வரிசை வரிசையான குவார்ட்டர்ஸ் வீடுகளில் குடியேறினார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் செந்தூலில் ரயில்வேயின் மத்தியப் பட்டறை எழுந்தது. அதன் முக்கியத்துவம் எத்தகையது என்பதற்கு ஒரே சாட்சி போதும்: 1945-ல் அமெரிக்க பி-29 விமானங்கள் கோலாலம்பூருக்கு மேலே வந்தபோது, அவை தேடி வந்த இலக்கு அரண்மனையோ காரியாலயமோ அன்று, செந்தூல் பட்டறையே.

ரயில் உலகத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. நிலையத்தில் நிற்கும் பெட்டிகளின் சக்கரங்களை நீண்ட பிடியுடைய சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே ஒருவர் போவார். வெடிப்பில்லாத சக்கரம் கணீரென்று ஒலிக்கும், வெடிப்புள்ளது மந்தமாக ஒலிக்கும். இவ்வாறு இரும்பின் குணத்தைக் காதால் அறிகிற பழக்கம் நூலில் எழுதப்பட்டதன்று. பக்கத்தில் நின்று பழகியவனுக்கே வாய்ப்பது. ரயில்வே குடும்பங்கள் நிறைந்த பேட்டைகளில் பிற்காலத்துச் சைக்கிள் கடைகளும் மோட்டார் கடைகளும் தோன்றியபோது, அவற்றுக்குச் சேர்ந்த பையன்களில் பலர் ரயில் இரும்பின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்பதை மறந்துவிடலாகாது.

மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் இப்பள்ளத்தாக்கின் தொழிலாளிக்குக் கிடைத்த வாகனம் சைக்கிள். அதைப் பற்றிச் சொல்லும்போது 1941-ம் ஆண்டைத் தாண்டிப் போக என் மனம் ஒப்பவில்லை. அவ்வாண்டில் கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் ஆர். எச். நாதனும் கிள்ளான் இந்தியர் சங்கத்தாரும் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், கூலி உயர்வும் கள்ளுக்கடை மூடலும் போன்ற பெரிய விஷயங்களுக்கிடையே, ஒரு சிறிய வாசகமும் இருந்தது: துரைமாரோ தோட்டத்து உத்தியோகஸ்தரோ எதிர்ப்படும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை என்பதே அது. தன் சக்கரத்தைத் தன் இச்சைப்படி ஓட்டவும், தன் இச்சைப்படி நிறுத்தவும் ஒருவனுக்கு உரிமை வேண்டும் என்று கேட்டதற்கு வந்த பதில் கைதும், துருப்புகளும், துப்பாக்கிச் சூடுமாக இருந்தது. தொழிலாளர் சிலர் உயிர் இழந்தனர். பின்னாளில் தோட்டப்புறத்து மனிதன் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கியபோது அதை வெறும் போக்குவரத்துச் சாதனமாக மட்டும் கருதவில்லை என்று நான் எண்ணுவதற்கு இந்தக் கோரிக்கையே ஆதாரம்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னர்ச் சில காலம் சாலைகளில் ஆட்சி செய்தவை பி. எஸ். ஏ., நார்ட்டன், டிரையம்ப் முதலான ஆங்கில வண்டிகள். அவை கனமானவை, விலையுயர்ந்தவை, எண்ணெய் கசிபவை. 1958-ல் ஹோண்டா நிறுவனம் ஜப்பானில் சூப்பர் கப் என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. இளமையில் பட்டறைப் பையனாக இருந்து முன்னேறிய பினாங்கு வர்த்தகர் லோ பூன் சியூ அதை உடனே இனங்கண்டு, மலாயாவுக்குக் கொண்டுவரும் உரிமையைப் பெற்றார். நாற்பத்தொன்பது கன சென்டிமீட்டர் எஞ்சின், கையால் இயக்க வேண்டாத கிளட்ச், சேறு தெறிக்காத முன்மறைப்பு, முழுமையாக மூடிய சங்கிலி: செம்மண் சாலைக்கென்றே செய்தாற்போல அமைந்த அந்த வண்டியையும் அதன் வழித்தோன்றல்களையும் இந்நாட்டார் கப்சாய் என்று செல்லமாக அழைத்தார்கள். பால்வெட்டுக்குப் போகிறவனும், மீன் விற்கிறவனும், அஞ்சல் கொண்டுபோகிறவனும் அதில் ஏறினார்கள். மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு தைப்பூசத்தன்று கிள்ளானிலிருந்து பத்துமலை போகிற குடும்பஸ்தனைப் பொறுத்தவரையில் அதுவே மோட்டார் காரும் ஆயிற்று. அத்தனை பாரத்தையும் நிறுத்த அதன் சக்கரங்களுக்குள் இருந்தவை சுமார் 110 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு டிரம்களே.

டிரம் பிரேக் என்பது பெரிய அற்புதமன்று. சக்கரத்தின் நடுவே ஒரு வட்டக் கிண்ணம். அதற்குள்ளே பிறை வடிவான இரண்டு ஷூக்கள். மிதியை அழுத்தினால் ஒரு சிறு கேம் திரும்பி ஷூக்களை விரிக்க, அவற்றின்மேல் ஒட்டியுள்ள லைனிங் கிண்ணத்தின் உட்சுவரில் உராய்ந்து சக்கரத்தைப் பிடிக்கும். இந்த அமைப்புக்குப் பெயர் பெற்றவர் பிரான்சின் லூயி ரெனோ, ஆண்டு 1902. ஆனால் பிரேக்கின் உயிர் கிண்ணத்தில் இல்லை, லைனிங்கில் இருக்கிறது. லைனிங்கின் சரித்திரம் இங்கிலாந்தின் ஹெர்பர்ட் புரூட் என்பவரிடம் ஆரம்பிக்கிறது. மலைச்சரிவில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள் மரக்கட்டை வழுக்காதிருக்கப் பழைய பூட்ஸைச் சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவே செருகுவதைக் கண்டு, துணியையும் பிசினையும் சேர்த்து உராய்வுப் பொருள் செய்ய அவர் முற்பட்டார் என்பார்கள். 1897-ல் தொடங்கிய அவருடைய தொழில்தான் பின்னர் பெரோடோ என்ற பெயரால் உலகெங்கும் பரவியது. துணி கருகியது, அதற்குப் பதிலாக அவர் சில ஆண்டுகளில் கல்நாரைச் சேர்த்தார். தீயாலும் அழியாத அந்தக் கல்நார் பின்னர் எழுபது எண்பது ஆண்டுகள் உலகத்துப் பிரேக்குகளில் எல்லாம் குடியிருந்தது. அதற்கு நாம் கொடுத்த விலையைப் பிறகு சொல்கிறேன்.

இனி வைத்தியத்துக்கு வருவோம். கிறீச்சொலியைக் கேட்டவுடன் ஸ்பானரை எடுப்பவன் நல்ல போமன், அதாவது மெக்கானிக், அல்லன். சப்தம் எப்பொழுது எழுகிறது என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற இந்நகரத்தில், இரவெல்லாம் திறந்த இடத்தில் நின்ற வண்டி காலையில் முதல் இரண்டு மூன்று தடவை பிரேக் பிடிக்கும்போது அலறிவிட்டுப் பிறகு மௌனமாகிவிடுமானால், டிரம்மின் இரும்புச் சுவரில் மெல்லிய துரு படிந்திருந்தது என்று பொருள். அதைத் தொட வேண்டியதே இல்லை. பிரேக் பிடிக்காமல் ஓடும்போதே கீச்சுக் கீச்சென்று ஒலித்து, பிரேக் பிடித்தால் நின்றுவிடுகிற சப்தமோ பெரும்பாலும் லைனிங்கின் குற்றமே அன்று: கப் வண்டியில் வேகமானியின் பற்சக்கரம் முன்பிரேக் தட்டுக்குள்ளேயே இருக்கிறது, அது கிரீஸ் வறண்டால் குருவி போலக் கத்தும், அல்லது சக்கரத்தின் பேரிங் தேய்ந்திருக்கும், அல்லது கேபிள் துருப்பிடித்துத் திரும்பி வராமல் ஷூ எப்போதும் உராய்ந்துகொண்டிருக்கும். இது விளங்காமல் நல்ல ஷூக்களைக் கழற்றி வீசி, புதியவற்றை மாட்டி, சப்தம் போகவில்லையே என்று விழிக்கிற கடைகள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

மெதுவாக நிற்கப் போகும் தறுவாயில், இலேசாக மிதித்தால் மட்டும் எழுகிற கூர்மையான அலறல் வேறு ஜாதியைச் சேர்ந்தது. வேகம் குறையக் குறைய உராய்வு கூடுவதனால், லைனிங் டிரம்மைப் பற்றும், விடும், மறுபடி பற்றும். வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை நிகழும் இந்தப் பற்றுதலும் விடுதலும் ஷூவையும் டிரம்மையும் அதிரச் செய்கின்றன. வயலின் வில் தந்தியை ஒலிக்கச் செய்வதும் இதே நியாயத்தால்தான். இந்த அதிர்வு பெரும்பாலும் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே அமைவதும், மனிதச் செவி இரண்டாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் இடைப்பட்ட ஒலியையே மிகக் கூர்மையாக உணர்வதும் சேர்ந்து, ஒரு சிறிய வண்டியின் பிரேக் ஒரு தெருவையே திரும்பிப் பார்க்க வைத்துவிடுகிறது. இந்த அலறலுக்குக் காரணமாவது லைனிங்கின் மேற்பரப்பு வெப்பத்தால் இறுகிக் கண்ணாடி போல் வழுவழுப்பாகிவிடுவது. அதனோடு உள்ளே அடைந்த தூசி. ஷூவின் முன்னோரம் கூர்மையாக டிரம்மைச் சுரண்டுவது. கேம் வறண்டு ஷூக்கள் சமமாக விரியாமற் போவது. திருப்புச் சுருள்கள் தளர்ந்திருப்பது. இவை எவற்றையும் சேராமல், கரகரவென்று இரும்போடு இரும்பு தேய்கிற சப்தம் கேட்குமானால் லைனிங் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது ஆலோசனைக்கு இடமில்லை. வண்டியை உருட்டிக்கொண்டே கடைக்குப் போவதுதான் புத்தி.

பழைய போமன்கள் செய்த சிகிச்சை எளிமையானது. அச்சு நட்டையும் பிரேக் தண்டின் முனையிலுள்ள திருகையும் கழற்றிச் சக்கரத்தை எடுத்தால், ஷூக்களோடு பிரேக் தட்டு கையோடு வந்துவிடும். லைனிங்கின் பளபளப்பை முரட்டு உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து மங்க வைப்பார்கள்; முன்னோரத்தை அரத்தால் சரிவாகச் சீவுவார்கள்; சிலர் இரம்பத்தால் லைனிங்கின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு கிழித்துத் தூசிக்கு வழி விடுவார்கள். கேமையும் ஷூ தாங்கும் ஊசியையும் துடைத்து, நகக்கண்ணளவு கிரீஸ் மட்டுமே பூசுவார்கள். தாராளமாகப் பூசினால் அது சூட்டில் இளகி லைனிங்கில் ஏறிவிடும் என்பதை அவர்கள் அறிவார்கள். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் நனைத்துத் தீயிட்டு உலர்த்துகிற ஒரு வழக்கமும் பட்டறைகளில் இருந்தது. அது சாமர்த்தியமாகத் தோன்றுமே ஒழிய, ஊறிய எண்ணெய் சூடேறும்போது மறுபடி மேலே வரும். எண்ணெய் பட்ட ஷூவுக்கு மருந்தில்லை, மாற்றுதான் உண்டு. லைனிங்கின் கனம் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்தாலும், 110 மில்லிமீட்டர் டிரம் தேய்ந்து 111-ஐ எட்டினாலும் மாற்றிவிட வேண்டும் என்பது ஹோண்டா விதித்த எல்லை. கடைக்காரர்கள் அளவுகோல் இன்றியே விரல் நகத்தால் டிரம் விளிம்பின் மேட்டைத் தடவி அதைச் சொல்லிவிடுவார்கள்.

ஒரே கேம் இரண்டு ஷூக்களையும் விரிக்கிற இவ்வகைப் பிரேக்கில், சக்கரம் சுழலும் திசையில் அமைந்த ஷூ தானாகவே டிரம்மோடு இழுபட்டு மேலும் இறுகும். எதிர்ப்புறத்து ஷூவோ தள்ளப்படும். ஆகையால் இரண்டும் ஒரே மாதிரி தேய்வதில்லை. கழற்றியபோது இடம் மாற்றி மாட்டிவிட்டால், தேய்வுக்குத் தேய்வு பொருந்தாமல் மறுபடி கிறீச்சொலி எழும். நான் கண்ட வரையில் பழைய கைகள் கழற்றிய ஷூக்களைக் கீழே வைக்கும்போதே, எது எந்தப் பக்கம் என்று மாறாமல் வைத்துவிடும்.

கல்நாரைப் பற்றிச் சொல்வதாக முன்னர்க் குறிப்பிட்டேன். அக்காலத்துக் கடைகளில் டிரம்மைத் திறந்தவுடன் உள்ளே இருந்த சாம்பல் நிறத் தூசியை வாயால் ஊதினார்கள்; காற்றழுத்தக் குழாய் வந்த பின் அதனால் ஊதினார்கள். தூசி மேகமாக எழுந்து அடங்கிற்று. லைனிங்கை உப்புத்தாளால் தேய்த்தபோதும் அதே தூசிதான். அந்தக் கல்நார் இழைகள் சுவாசப்பையில் தங்கி, இருபது முப்பது வருஷம் கழித்தும் இறுக்கத்தையும் புற்றையும் உண்டாக்க வல்லவை என்பது வைத்திய உலகத்துக்குத் தெரிந்த பின்னரும், ஐந்தடிக் கால்வழியில் குந்தியிருந்து வேலை செய்த பையன்களுக்கு அதை எவரும் சொல்லவில்லை. மலேசிய அரசாங்கம் கல்நார் வேலைகளுக்கான விதிகளை 1986-ல் வகுத்தது. அவை தொழிற்சாலையை நோக்கி எழுதப்பட்டவை, தெருவோரத்துக் கடையை அல்ல. பழைய தொழிலாளரின் கைத்திறத்தை நாம் புகழ்வது நியாயமே. ஆயினும் அந்தத் திறமையோடு அவர்கள் எதைச் சுவாசித்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது அவர்களுக்குச் செய்கிற மரியாதை ஆகாது. இன்றைய லைனிங்குகள் பலவற்றில் கல்நார் இல்லை. பழைய வண்டி ஒன்றைத் திறக்கிறவர் அதில் எது இருக்கிறதென்று தெரியாதபோது, ஊதாமல், ஈரத்துணியால் துடைத்துத் துணியை உறையிலிட்டு எறிவதே தகும்.

1970-களில் பள்ளத்தாக்கின் முகம் மாறத் தொடங்கியது. பத்து தீகா வட்டாரத்து ரப்பர் தோட்டங்கள் இருந்த நிலத்தில் ஷா ஆலாம் எழுந்தது. பெட்டாலிங் ஜெயாவின் ஆலைகள் பெருகின. தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறி, லயங்களை விட்டு வந்தவர்கள் ஆலைப் பணியாளராயினர். அவர்களை வேலைக்குக் கொண்டுபோனது கப்சாயே. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கென்றே தனிப்பாதை அமைந்தது அந்தப் பத்தாண்டின் ஆரம்பத்தில். நாட்டில் இவ்வகையில் முதலாவது அதுவே. 1973-ல் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. அந்தத் தனிப்பாதை சந்திப்புகளுக்குக் கீழே குறுகிய சுரங்கங்களாக வளைந்து செல்வது. மாலை மழையில் நனைந்த நூற்றுக்கணக்கான டிரம்கள் ஒரு வளைவில் ஒரே சமயத்தில் மிதிபடும்போது எழுகிற ஓலத்தைச் சுரங்கச் சுவர்கள் பெருக்கித் தரும். அதைக் கேட்டவர்க்கு இப்பள்ளத்தாக்கின் தொழிலாளி வர்க்கம் எவ்வளவு பெரிதென்று கணக்குக் கேட்க வேண்டியிராது.

கடைகளின் உடைமையாளர் பெரும்பாலும் சீனர். உதவிக்கு நின்றவர்களில் தமிழ்ப் பையன்கள் பலர். மலாயும், ஹொக்கியனும், தமிழும் கலந்த பேச்சில் தொழிலைக் கற்று, பத்துப் பதினைந்து வருஷம் கழித்துச் சொந்தக் கொட்டகை போட்டவர்கள் கிள்ளானிலும் செந்தூலிலும் உண்டு. ஆங்கில வண்டிகளின் காலத்தில் தேய்ந்த லைனிங்கைத் தட்டி எடுத்துவிட்டு, புதிய லைனிங்கைச் செப்பு ஆணிகளால் அதே ஷூவில் பதிப்பது தனியானதொரு வேலையாக இருந்தது. ஆணி தளர்ந்தாலும் கிறீச்சிடும், ஆணித்தலை மேலெழுந்தாலும் டிரம்மைக் கீறும் என்பதனால் அதற்குக் கை வேண்டும். கப் வண்டியின் ஷூவில் லைனிங் பசையால் ஒட்டப்பட்டே வந்தது. புதிய ஜோடியின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டு விலையை நெருங்கியபோது, பழைய ஷூவுக்குப் புது லைனிங் பதிப்பதற்கு நியாயம் இல்லாமற் போயிற்று. லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் அவ்வேலை இன்னும் நடக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு அது முடிந்த கதை.

பிரிக்பீல்ட்ஸில் பழைய ரயில் நிலத்தின்மேல் 2001-ல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. 2010-ல் வளைவுகளும் வர்ணங்களுமாக அப்பேட்டை லிட்டில் இந்தியா ஆயிற்று. வாடகை ஏறிய தெருவில் எண்ணெய்க் கறை படிந்த தரைக்கு இடம் குறைவு. வண்டிகளும் மாறின. முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் பொதுவாகி, கிறீச்சொலியின் இலக்கணமும் வேறாயிற்று: வழுவழுத்த பேட், வறண்ட கேலிப்பர் ஊசி, கோணிய தட்டு என்று காரணங்கள் மாறினவே அல்லாமல், மழைக்குப் பிந்திய காலையில் முதல் அலறலைப் பொருட்படுத்தலாகாது என்ற விதி மாறவில்லை. பின்சக்கரத்தில் டிரம் பல வண்டிகளில் இன்னும் இருக்கிறது, ஹோண்டா இ.எக்ஸ்.5 இரண்டு சக்கரத்திலும் டிரம்மோடே நெடுங்காலம் விற்பனையாகி வந்தது. அத்தகைய வண்டிக்குப் புதிய ஷூ மாட்டியவர்கள் கை நெம்புகோலுக்குப் பத்து முதல் இருபது மில்லிமீட்டரும், கால்மிதிக்கு இருபது முதல் முப்பது மில்லிமீட்டரும் தளர்வு விட்டு, முதல் சில நாட்கள் கடுமையாக மிதிக்காமல் லைனிங் டிரம்மின் வடிவத்துக்கு அமர இடம் கொடுக்க வேண்டும். அந்த நாட்களில் சிறிது கிறீச்சிட்டால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.